மனநோயாளியைச் சங்கிலியால் கட்டலாமா? பரவும் செய்தி தவறு

"மனநோய் உள்ளவர்கள் எந்த நேரமும் தாக்குவார்கள், வீட்டில் சங்கிலியால் கட்டி வைப்பதே பாதுகாப்பு, சட்டமும் தடுக்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 95, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. 'இந்தியா கோட்' அரசு இணையதளத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம்.

பாதுகாப்பு என்கிறார்களே, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை மறந்துவிட முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கட்டியதுதான் அவர்களைக் கொன்றது.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அடியும் அவமதிப்பும் வாங்குவது பல நேரம் அவர்கள்தான். கொலைச் செய்தியில் விசாரணைக்கு முன்பே 'சைக்கோ' என்று தலைப்பு போடும் ஊடகங்களும் இந்தப் பயத்தை வளர்க்கின்றன.

சரி, வீட்டில் ஒருவர் கட்டுக்கடங்காமல் தவித்தால்? 14416-ஐ அழையுங்கள். இது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் பிரிவு 95 பற்றிச் சொல்லுங்கள்.