கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

என் அக்காள் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஏரியை ஒட்டி எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்த்திருப்பதாகவும், எட்டாவது மாடிப் பால்கனியில் நின்றால் ஏரி முழுவதும் தெரிவதாகவும், முன்பணம் கட்டுவதற்கு முன் என் கருத்தைக் கேட்க விரும்புவதாகவும் சொன்னான். "கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டேன். "அப்படியென்றால் என்ன மாமா?" என்றான். அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். அவனைப் போல ஏரிக்கரையில் வீடு தேடும் இளைய குடும்பங்கள் சென்னையின் புறநகரெங்கும் இருக்கின்றன. அவர்களுக்கு வீட்டின் சதுர அடியைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ஏரியைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

நம்முடைய ஏரி தானாக அமைந்த பள்ளம் அன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் நாம் காணும் ஏரிகளில் பெரும்பாலானவை, மெல்லச் சரியும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை போட்டு, மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் தேக்கி வைப்பதற்காக மனிதர்கள் அமைத்தவை. ஆகவே ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான் உண்டு. எதிர்ப்பக்கம் திறந்தே கிடக்கும். அதை உள்வாய் என்பார்கள். கரையில் பாசனத்துக்கு நீர் விட மதகு இருக்கும். ஏரி நிரம்பினால் மிச்ச நீர் தானாக வழிந்தோடக் கலங்கல் இருக்கும். கலங்கல் கல்லின் உயரம் எதுவோ அதுவே அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். ஏரியைச் சுற்றி எங்கே வீடு வாங்கினாலும், அந்தக் கல்லுக்கு நம் வீட்டுத் தரை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. விளம்பரப் படத்தில் நான்கு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். நிலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் விதியும் வேறு.

கரைக்குப் பின்புறம் இருப்பது பழைய ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் விளைந்த நஞ்சை வயல். மதகைத் திறந்தால் நீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே அந்த நிலம் ஏரியைவிடத் தாழ்வாக இருக்கிறது. அங்கே கட்டிய வீட்டின் மேல்மாடியிலிருந்து ஏரி அழகாகத் தெரியும். ஆனால் நிறைந்த ஏரியின் நீர்மட்டம் அந்த வீட்டு வாசலைவிட உயரத்தில் நிற்கும். களிமண் நிலம் என்பதால் ஏரி உடையாவிட்டாலும் மழைநீர் எளிதில் வடியாது. உள்வாய்ப் பக்கத்தில் இடர் வேறு வகையானது. அங்கே சரிவு மிக மென்மையானது. நீர் ஓர் அடி உயர்ந்தால் நிலத்தில் நெடுந்தூரம் பரவிவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த நிலம் மைதானம் போலக் காய்ந்து கிடக்கும். அப்போதுதான் மனைக்கல் நடுவார்கள். அப்போதுதான் நாமும் போய்ப் பார்ப்போம்.

மூன்றாவதாக ஒரு பக்கம் உண்டு. கரையின் இரு முனைகளும் மேட்டு நிலத்தில் போய்ச் சேரும் இடங்களில், கலங்கல் மட்டத்தைவிட உயர்ந்த தரை இருக்கும். பழைய ஊரின் நத்தமும், அதாவது குடியிருப்பு நிலமும், கோயிலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மழைக்காலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு தேர்ந்த இடம் அது. ஓர் ஏரியைச் சுற்றி வீடு தேடுகிறவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் விற்பனை அலுவலகம் அன்று, ஊரின் பழைய கோயில் வாசல் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் நாங்கள் முடிச்சூரில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஏரி எதுவும் எங்கள் கண்ணில் படும் தொலைவில் இல்லை. டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேரும் வழியில் இருந்தது எங்கள் தெரு. இரவில் கட்டிலின் கால் நனைந்தது. விடிவதற்குள் மாடி வீட்டாரின் கூடத்தில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம். என் தாயாரை இருவர் நாற்காலியோடு தூக்கி மேலேற்றினார்கள். அதே இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டு, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ஏரிக்கு அருகில் வாழ்வது என்பது ஏரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாழ்வது மட்டும் அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன். உபரிநீர் போகும் வழி முழுவதும் ஏரியின் அண்டைதான்.

அதற்குப் பிறகு பலர் எங்களிடம், ஏரி இருக்கும் திசைக்கே போகாதீர்கள் என்றார்கள். அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. நம் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், அது நிரம்பினால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது நீர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. இந்த வலைக்குள் ஏரியை விட்டு விலகிய இடம் என்று எதைக் காட்ட முடியும்? நகரத்துக்குள்ளேயே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. அங்கிருந்து பார்க்க ஏரி இல்லை. முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். பழவந்தாங்கல் என்னும்போது நாம் சொல்லும் தாங்கல் என்ற சொல்லுக்கு ஏரி என்று பொருள். நம்மில் பலர் ஏரிக்குள்தான் குடியிருக்கிறோம். ஏரி உயிரோடு இருக்கும் இடத்தில், அதன் மட்டத்தை அறிந்து, மேட்டில் வீடு தேர்ந்து வாழ்வது அதைவிடப் பாதுகாப்பானது.

2017-லிருந்து இரண்டு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் மனைவியும் ஏரி ஏரியாகப் போனோம். முதலில் எங்களுக்குப் பிடித்துப்போன இடத்தில், கட்டுநர் நிறுவனத்தின் ஆள் எல்லா அனுமதிகளும் இருப்பதாகச் சொல்லி ஒரு கோப்பைக் காட்டினார். அதில் வெள்ளப் பாதிப்புக் குறித்த தடையின்மைச் சான்று இருந்தது. மனையை இத்தனை அடி மண் கொட்டி உயர்த்திய பிறகே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தச் சான்றை நிம்மதிக்கான தாளாக எண்ணிப் பலர் புரட்டிவிடுகிறார்கள். அதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். உயர்த்தச் சொல்கிறார்கள் என்றால் அந்த இடம் நீர் நிற்கும் இடம் என்று பொருள். நம் மனையை உயர்த்திவிட்டால் அங்கே நின்ற நீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவின் ஓட்டு வீடுகளுக்குப் போகும். என் தாயாரை நாற்காலியோடு தூக்கிய இரவு எனக்கு மறக்கவில்லை. இன்னொருவரின் தாயாருக்கு அந்த இரவைத் தரக்கூடிய இடத்தில் வீடு வாங்க என் மனம் ஒப்பவில்லை.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லோரும் பார்ப்பவை, அவை போதா. கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணின் வகைப்பாடு நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பாருங்கள். கிராம வரைபடத்தில் சுற்றியுள்ள புல எண்களையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று வரைபடத்தில் இருக்கும் கோடு நேரில் சாலையாகவோ சுற்றுச்சுவராகவோ மாறியிருந்தால், நீர் ஒருநாள் தன் வழியைக் கேட்டு வரும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அரசு இடித்தால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வியை வாங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டிப் பார்க்கலாம். 2015-க்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிந்திய படங்களை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

காகிதத்தைவிட நம்பகமான சாட்சி நேரில் கிடைக்கும். ஏரியை ஒரு முறை அன்று, இரண்டு முறை போய்ப் பாருங்கள்: ஒரு முறை கார்த்திகை அடைமழையில், ஒரு முறை சித்திரை வெயிலில். கார்த்திகையில் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். சித்திரையில் வரத்துக்கால்வாயின் வாயில் போய் நில்லுங்கள். மாதக்கணக்கில் மழையே இல்லாதபோதும் அதில் நீர் ஓடிக்கொண்டிருந்தால் அது கழிவுநீர். பாதாளச் சாக்கடை வராத பகுதிகளில் அது எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை ஏரியை மூடியிருந்தால் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என மகிழாதீர்கள். சாக்கடையை உண்டுதான் அது அப்படிக் கொழிக்கிறது. நீங்கள் வாங்கப் போகும் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதாகச் சொன்னால், அது ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமோ வலை போடுகிறவரிடமோ பத்து நிமிடம் பேசுங்கள். எந்த மூலையில் மீன் செத்து மிதக்கும், எந்த இரவில் கழிவுநீர் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

இதுவரை இடத்தைப் பற்றியே சொன்னேன். ஏரிக்கரையில் குடியேறுகிறவர் அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது அங்குள்ள மக்களை. ஏரிக்கு ஒரு காலத்தில் உரியவர்கள் இருந்தார்கள். ஆயக்கட்டு விவசாயிகள் கோடையில் கூடி வாய்க்காலை வெட்டினார்கள்; கரையின் ஓட்டையை அடைத்தார்கள்; மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வயல்கள் மனைகளான பிறகு அந்த விவசாயி போய்விட்டார். ஏரியின் நீர் இனி எந்தப் பயிருக்கும் தேவைப்படவில்லை என்பதால் அதைக் கேட்க நாதியில்லாமல் போயிற்று. ஆனால் அந்த ஏரிதான் இன்றும் நம் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் ஊற வைக்கிறது. சென்னை குடத்தோடு தெருவில் நின்ற 2019 கோடையில் இதை எல்லோரும் கண்டோம். ஆகவே அந்த வயலில் வீடு கட்டியிருக்கும் நாம்தான் இன்றைய ஆயக்கட்டுதாரர்கள் என்று நான் நம்புகிறேன். அப்படித் தங்களை எண்ணிக்கொள்ளும் மக்கள் வாழும் இடத்தைத் தேடுங்கள். அதே 2019-ல் சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் தாங்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதன் பிறகுதான் அரசு நிதியும் வந்தது. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர் அது.

ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் தன்மையை அறிய நான் கைக்கொண்ட வழி எளியது. அவர்களின் கூட்டத்துக்கு ஒரு முறை அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்தேன். ஓரிடத்தில் ஒன்றரை மணி நேரம் வாகன நிறுத்தத்தையும் ஏரிக்கரை நடைபாதைக்கு வண்ண விளக்குப் போடுவதையும் பேசினார்கள். தண்ணீர்ப் பாம்பு வருகிறது, ஆள் வைத்து அடிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஏரியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, நீர்ப்பரப்பைச் சுருக்கி, ஆடு மேய்ப்பவரும் வலை போடுகிறவரும் உள்ளே வர முடியாதபடி வேலி அடைத்து, அதை அழகுபடுத்தல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. இன்னோர் இடத்தில், இருபது ஆண்டு பழைய ஒரு சிறு மனைப்பிரிவில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கலங்கலில் அடைத்துக்கொண்ட நெகிழிப் பைகளின் படத்தை எடுத்து வந்து, ஐப்பசி பிறப்பதற்குள் இதை எடுக்காவிட்டால் கீழ்த்தெருவுக்குள் நீர் ஏறும் என்று பேசினார். கீழ்த்தெரு அவர்களுடைய மனைப்பிரிவில் சேர்ந்ததே அன்று. பன்னிரண்டு பேர் வருவதாகக் கை தூக்கினார்கள். வீடு திரும்பும் வழியில் என் மனைவி, "இங்கேயே பார்ப்போம்" என்றாள்.

நாங்கள் வாங்கிய வீட்டின் மாடியிலிருந்து ஏரி தெரியாது. ஒரு தெரு நடந்தால் கரை. காலையில் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் இருக்கும். தை மாதத்தில் சில நாள் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் மின்சாரம் இல்லை, தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்று வடிந்தது, வீட்டுக்குள் வரவில்லை. கீழ்த்தெருவில் மூன்று வீடுகளுக்குள் புகுந்தது. அந்தக் குடும்பங்கள் எங்கள் சங்கக் கட்டடத்தில் தங்கினார்கள்.

அக்காள் மகனிடம் முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். எட்டாவது மாடிக்கு நாங்கள் ஏறப்போவதில்லை. ஒரு கிராம வரைபட நகலும் ரப்பர் செருப்பும் போதும். முதலில் கலங்கல் கல்லின் மேல் போய் நின்று, அங்கிருந்து அந்தக் கட்டடத்தின் தரை எந்த மட்டத்தில் தெரிகிறது என்று பார்க்கப் போகிறோம்.