"செட்டில் ஆயிடும்" என்ற சொல்லை நம்பி 14 மாதம்

இரண்டு வருடமாக இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தூரத்து உறவுப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். 23 வயது. மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயும் மாஸ்க் போட்டுக்கொண்டு, சளி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மாஸ்கைக் கழற்றினாள். மேலுதட்டின் ஒரு பக்கம் பட்டாணி அளவில் கட்டி. லிப் ஃபில்லர், அதாவது உதட்டைப் பெரிதாக்கப் போடும் ஜெல் ஊசி.

"சித்தி, திட்டாதீங்க."

முதலில் சொன்னதே அதுதான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் வங்கியில் கவுன்டரில் உட்காருபவள். அப்பா வழியில் எங்கள் எல்லோருக்குமே கண்ணுக்குக் கீழே பள்ளம் உண்டு. "மேடம், உடம்பு சரியில்லையா? தூங்கலையா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். 40 வயதுக்குப் பிறகு அந்தக் கேள்வி தாங்கவில்லை. 2022 ஜூலையில் ஒரு கிளினிக்கில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 1 மில்லி ஃபில்லர் போட்டுக்கொண்டேன். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் சந்தோஷமாகவே இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது மாதம் காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை மாதிரி வீக்கம். டியூப்லைட் வெளிச்சத்தில் லேசான நீலம். எனக்குப் போட்டது ஹையலூரானிக் அமிலம். நம் உடம்பிலும் இருக்கிற பொருள்தான், ஆனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அங்கே தோல் மிக மெல்லியது. ஜெல் மேலாக நின்றுவிட்டால் அதன் வழியே வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரியும். டின்டால் விளைவு என்பார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், "தூங்கலையா" என்று கேட்டவர்கள் "தைராய்டா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்ததுதான்.

கிளினிக்கில் "செட்டில் ஆயிடும்" என்றார்கள். இரண்டாம் முறை போனபோது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை, "கன்னத்துல இன்னொரு சிரிஞ்ச் போட்டா பேலன்ஸ் ஆயிடும்" என்றார்கள். தலையாட்டவும் செய்தேன். அன்று ஏ.டி.எம். கார்டு கைப்பையில் இல்லாததால் தப்பித்தேன். சில மாதத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றுதான் போடும்போது சொன்னார்கள். ஆனால் இந்த ஜெல் பல வருடம் கழித்தும் முகத்தில் தங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் அவர், "எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே, நீயா நெனச்சுக்கிற" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ என் கண்ணையே நம்பலாமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அக்கா, "கடவுள் கொடுத்த முகத்துல கை வச்சா இப்படித்தான்" என்றாள். அதன் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. அந்த வருடம் எடுத்த குடும்பப் போட்டோ ஒன்றில்கூட நான் இல்லை.

அக்காவிடம் அன்று சொல்ல முடியாததை இன்று சொல்கிறேன். முடிக்கு டை அடித்து முகம் வீங்கி வந்தவளிடம் யாராவது கடவுளைப் பற்றிப் பேசுகிறோமா? பல்லுக்குக் கம்பி கட்டி ஈறு புண்ணானால்? டாக்டரைப் பார் என்கிறோம். முகத்தில் ஊசி போட்டுக்கொண்டவளுக்கு மட்டும் ஏன் முதலில் புத்திமதி? அந்தப் புத்திமதிக்குப் பயந்துதான் ஒரு பெண் மூன்று வாரம் மாஸ்க்குக்குள் கிடந்தாள். அவளுக்கு வந்தது கட்டியோடு போயிற்று. ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்திருந்தால் மூன்று வாரம் ஏது? ஊசி போட்ட இடம் வெளுத்துப் போவது, தாங்க முடியாத வலி, தோலில் வலை மாதிரி ஊதா நிறக் கோடுகள், இதில் எது வந்தாலும் அந்த மணி நேரமே டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் தோல் அழுகிவிடும். பார்வை மங்கினால் நிமிடங்கள்தான் கணக்கு. கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப் பதில் வரட்டும் என்று தயவுசெய்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

14 மாதம் கழித்து நான் போய்ப் பார்த்த தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டாங்க?" எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் பெயரும் லாட் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் பழைய கிளினிக்குக்குப் போன் போட்டு, கரைக்கக்கூடிய வகைதான் என்று உறுதி செய்துகொண்டார். எல்லாவற்றையும் அப்படிக் கரைக்க முடியாது. கால்சியம் கலந்தது, பாலிலாக்டிக் அமிலம் போன்ற ஃபில்லர்களுக்குக் கரைக்கும் மருந்து வேலை செய்யாது. போடுவதற்கு முன்பே, வேண்டாமென்றால் இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எனக்குக் கரைக்கப் போட்ட மருந்தின் பெயர் ஹையலூரானிடேஸ். கண் ஆபரேஷனில் மரத்துப்போகப் போடும் ஊசியோடு சேர்ப்பதும் இதைத்தான். தேனீ, குளவி கொட்டி அலர்ஜி வந்ததுண்டா என்று விசாரித்து, முழங்கையில் சிறிதளவு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் போட்டார். நன்றாகவே எரிந்தது. இரவு முகம் இன்னும் வீங்கியது. பயந்துபோய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் வடிந்தது.

2025 ஜூலையில் இந்தி டி.வி. நடிகை உர்ஃபி ஜாவேத் தன் உதட்டு ஃபில்லரைக் கரைப்பதையும், முகம் வீங்கிக் கிடப்பதையும் வீடியோவாகப் போட்டாரே, நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அதை நாலு முறை பார்த்தேன். அந்த இரவில் எனக்கு அப்படி ஒரு வீடியோ கிடைத்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீக்கம் வடிந்த பிறகு பள்ளம் முன்பைவிட ஆழமாகத் தெரிந்தது. மருந்து என் சொந்தச் சதையையும் தின்றுவிட்டதோ என்று அழுதேன். இரண்டு வாரம் எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் பாத்ரூம் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு பார்த்தபோது, பழைய போட்டோவில் இருக்கிற அதே முகம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் திட்டவில்லை. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு முறை மருந்து போட்டாயிற்று, கட்டி பாதியாகியிருக்கிறது. அவள் அம்மாவிடம் நானே பேசினேன். கொஞ்ச நேரம் கோபப்பட்டுவிட்டு, "வலிக்குதாடி?" என்று கேட்டார்கள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று பேரும் போகிறோம். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.