சூப் புத்தகத்தை ஒரே நாளில் மூடிவைக்க முடியாது

அந்தக் குரல்பதிவை நேற்றே எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வெள்ளவத்தைப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் ரீச்சர் ஒரு சூப் கதைப் புத்தகத்தையே ஒரு கிழமையாக வாசிக்கிறார், சட்டி, அகப்பை வைத்து விளையாட விடுகிறார் என்று பெற்றோர் ஒருவர் அனுப்பிய குறை. "ஒரு கிழமையா ஒரே புத்தகம். சூப் வைக்கவா காசு கட்டுறம்? எழுத்து எப்ப பழக்கிறது?" கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். இன்று காலை சட்டியை எடுத்து உள்ளே வைக்கும்படி ரீச்சருக்கு உத்தரவு வந்துவிட்டது. எல்லாம் இவ்வளவு வேகமாக நடந்து முடிந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரே புத்தகத்தை ஒரு கிழமை வாசிப்பது வேலை. சரியான வேலை. அந்த ரீச்சர் செய்தது அதைத்தான்.

2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் குழுவினர் 3 வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகள். புதிய சொற்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறைதான் காதில் விழுந்தன. ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகளிடம்தான் சொற்கள் நன்றாக நின்றன. காரணம் விளங்காத ஒன்றல்ல. முதல்முறை கேட்கும்போது என்ன நடக்குது என்பதைப் பிடிக்கவே பிள்ளைக்கு நேரம் போய்விடும். கதை தெரிந்த பிறகுதான் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கும். நாளுக்கொரு புத்தகம் காட்டினால் பெற்றோருக்குப் பெரிய பட்டியல் கொடுக்கலாம். பிள்ளையிடம் அவ்வளவாகத் தங்காது.

அந்த ரீச்சர் எடுத்த புத்தகம் ஹெலன் கூப்பரின் பூசணிக்காய் சூப் கதை, 1998இல் வந்து, சிறுவர் புத்தகப் படங்களுக்குப் பிரித்தானியாவில் கொடுக்கும் கேற் கிரீனவே பதக்கம் பெற்றது. பூனை பூசணிக்காயை வெட்டும், அணில் தண்ணீர் விட்டுக் கிண்டும், வாத்து உப்புப் போடும். ஒருநாள் வாத்துக்குக் கிண்ட ஆசை வருகிறது, சண்டை வருகிறது. சூப் கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொருந்துவது இதனால்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஆளுக்கொரு வேலை இருக்கிறது, வினைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. கழுவு, வெட்டு, போடு, ஊற்று, கிண்டு, கொதிக்குது, பொங்குது, ஆற வை, ஊதிக் குடி. நிறமும் மிருகமும் சொல்லும் அட்டைகளில் இந்தச் சொற்கள் கிடைக்கவே கிடைக்காது. அவை முழுக்கப் பெயர்ச்சொற்கள்.

ஒரு கிழமை எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் கேள்வியே கேட்காமல், நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். 6 முதல் 8 நிமிடம் போதும். ரீச்சர் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் பிள்ளைகளின் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், பக்கம் இருட்டாகத் தெரியும். மினுங்கும் தாள் என்றால் ரியூப் லைட் பட்டுப் பாதிப் படம் வெள்ளையாகிவிடும், புத்தகத்தைக் கொஞ்சம் கீழே சரித்துப் பிடிக்க வேண்டும். இரண்டாம் நாள் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நிறுத்தி, "இப்ப என்ன நடக்கப்போகுது?" என்று கேட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருக்க வேண்டும். எல்லோரும் பிழைக்கிற இடம் இதுதான். அந்த அமைதியைப் பெரியவர்களால் பொறுக்க முடியாது, பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிள்ளை "உப்பு" என்று ஒரு சொல் சொன்னால், "ஓம், வாத்து கொஞ்சமா உப்புப் போடுது" என்று வசனமாக்கித் திருப்பிக் கொடுங்கள், பிள்ளையையும் சொல்லவிடுங்கள். 1988இல் வைற்ஹர்ஸ்ற் என்ற ஆய்வாளரின் குழுவினர் பெற்றோருக்குப் பழக்கியது இப்படியான வாசிப்பைத்தான். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்தினார்கள்.

மூன்றாம் நாள்தான் சட்டி வர வேண்டும். முதல் நாளே கொண்டுவந்தால் கண்ணெல்லாம் சட்டியில், புத்தகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மட்டையில் வெட்டிய காய்கறித் துண்டுகள் 5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, வாய்க்குள் போகும். நான்காம் நாள் பூனை, அணில், வாத்து பிரித்து நடிப்பு. எல்லோருக்கும் அகப்பைதான் வேண்டும், அழுகை நிச்சயம். சேர்ந்து பத்துவரை எண்ணி, பத்தில் கைமாற்றினால் சண்டையும் அடங்கும், எண்ணும் பழகும். ஐந்தாம் நாள் உண்மையான சூப். பத்துப் பிள்ளைகளுக்கு 1 லீற்றர் தண்ணீர், 300 கிராம் பூசணிக்காய், 100 கிராம் மைசூர்ப் பருப்பு, ஒரு கரட், அரைத் தேக்கரண்டி உப்பு. 25 நிமிடம் அவிய விட வேண்டும். கரட் இரண்டு விரலுக்கு நடுவில் நசியாவிட்டால் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும். அடுப்பு வேலை பெரியவர்களுக்கு, கழுவுவதும் எண்ணுவதும் பிள்ளைகளுக்கு. இளஞ்சூட்டுக்கு ஆறிய பிறகுதான் கோப்பை கைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் "விளையாட்டு" என்று சிரிக்கப்படுகிறது.

எழுத்து எப்போது பழக்குவது என்கிறார்கள். பென்சில் பிடிக்க விரலில் பலம் வேண்டும். கீரை ஆய்வதும், பருப்பு அள்ளுவதும், அகப்பை பிடித்துக் கிண்டுவதும் அந்தப் பலத்தைத் தருகின்றன. மூன்று வயதுக் கையைப் பிடித்து "அ" எழுத வைத்தால் கொப்பியில் "அ" இருக்கும், பிள்ளையிடம் இருக்காது. சட்டியில் "சூப்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் நாலாம் நாள் பிள்ளை அதைக் காட்டி வாசிக்கும். அதுவும் எழுத்துத்தான்.

வாத்து கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறது, இது பிள்ளைக்குக் கூடாது என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபித்துக்கொண்டு மூலைக்குப் போகாத நாலு வயதுப் பிள்ளையை நான் கண்டதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தன் கோபத்தை வாத்தின் மேல் வைத்துக் கதைக்க ஒரு வழி கிடைக்கிறது. "வாத்து ஏன் வீட்டைவிட்டுப் போனது?" என்று கேளுங்கள், யார் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுவரை வரும். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டீர்களோ, எல்லா வாயும் மூடிக்கொள்ளும்.

சுத்தம், ஒவ்வாமை பற்றிக் கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். எந்தச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துவராது என்று முதலே வீட்டிலிருந்து எழுதி வாங்க வேண்டும்.

ஆங்கிலப் புத்தகத்தை ஏன் தமிழில் சொன்னார் என்ற கேள்விதான் அதிகம் வலிக்கிறது. வரிக்கு வரி ஆங்கிலத்தில் வாசித்து இடையில் தமிழ் சொன்னால் கதை நொண்டும், பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். முழுக்கத் தமிழில் சொல்லிப் பழகிய பிறகு ஆங்கிலத்தில் வாசித்தால் கதை தெரிந்த துணிவில் பிள்ளை ஆங்கிலத்தையும் பிடிக்கும். எங்கள் பக்கம் சூப் இல்லை என்றும் யாரும் சொல்லக்கூடாது. கொழும்பில் ஒரே வகுப்பில் நோன்புக் கஞ்சி குடிக்கிற பிள்ளையும், காலையில் இலைக்கஞ்சி குடிக்கிற பிள்ளையும், ஒடியல் கூழ் தெரிந்த அம்மம்மாவின் பேரப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிக்கூழுக்குப் பிள்ளைகள் பாடப் பாட்டே எழுதிவைத்தார். மாவைக் கரைப்பதும் துழாவுவதும் பனங்கட்டி போடுவதும் அதில் இருக்கின்றன. யூலை நடுவில் ஆடிப்பிறப்பு வருகிறது. சூப் புத்தகம் முடித்த வகுப்புக்கு அந்தப் பாட்டு உடனே விளங்கும். ஒடியல் கூழை வகுப்பில் செய்ய வேண்டாம், நண்டும் றாலும் முள்ளும் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது. ஆடிக்கூழ் போதும். கல்லைப் போட்டுச் சூப் வைக்கும் பழைய நாட்டுப்புறக் கதை எடுப்பவர்களும் கல்லை அடுப்பில் வைக்காதீர்கள், ஈரம் உறிஞ்சிய கல் சூட்டில் வெடிக்கக்கூடும். முஷ்டியளவு கல்லைக் கழுவி விளையாட்டுச் சட்டியில் போடுங்கள்.

இதையெல்லாம் அந்த ரீச்சர் தெரிந்துதான் செய்தார். காய்கறி தன் காசில், மட்டை வெட்டியது இரவில் தன் வீட்டில். முன்பள்ளி ரீச்சர் என்றால் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஆள் என்று நினைக்கிறோம். அவர் படித்து வந்ததை ஒரு நிமிடக் குரல்பதிவால் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறோம். ஒருவராவது நேரே போய், "ரீச்சர், ஏன் ஒரே புத்தகம்?" என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

அந்த வகுப்பில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் பேசவில்லை. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆள். அவ்வளவு பேருக்குச் சாதாரண அளவுப் புத்தகத்தின் படம் தெரியாது. எட்டுப் பேருக்கு மேல் ஒரு வாசிப்பில் ஒவ்வொருவரும் வாய் திறக்கவும் முடியாது. ஒரு சின்னக் குழுவுக்கு வாசிக்கும்போது மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட வைக்க இன்னொரு ஆள் வேண்டும். நிர்வாகத்துக்கு அடுத்த குரல்பதிவு அனுப்புகிறவர்கள் அதைக் கேளுங்கள். சட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐந்தாம் நாள் இன்னும் நடக்கவில்லை.