ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணி ஊற்றப்போவது யார்?

ஜூன் 5 வந்தால் முகநூல் முழுக்கப் பச்சை. உலகச் சுற்றாடல் தினம். திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாடசாலை வளவு, ஒரு பனர், ஒரு பிரதம விருந்தினர், இன்னும் மண் படாத புது மண்வெட்டி, கறுப்புப் பொலித்தீன் பையோடு மிளகாய்க் கன்று, கத்தரிக் கன்று. "பாடசாலைத் தோட்டம் ஆரம்ப நிகழ்வு" என்று படம் ஏறும். செய்கிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் மரக்கறித் தோட்டம் தொடங்க இதைவிட மோசமான நாளைத் தேடினாலும் கிடைக்காது.

எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை மட்டும். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் சூடாகவும் காய்ந்தும் இறங்குகிற காற்று அது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் காலையில் ஊற்றின தண்ணி பத்து மணிக்குப் பார்த்தால் இருக்காது. கடலை அண்டின கிணறுகள் பலதும் அந்த மாதங்களில் உவர் கூடும். அதோடு ஓகஸ்ட் விடுமுறையும் சேரும். கேற் பூட்டு. செப்டெம்பரில் பிள்ளைகள் திரும்பி வந்தால் கம்பும் கயிறும்தான் மிச்சம். அடுத்த ஜூனில் வேறொரு நிறுவனம் அதே இடத்தில் அதே கன்றை நடும்.

நிறுவனமும் பாடசாலையும் சேர்ந்த கூட்டு முயற்சி என்பார்கள். ஆனால் கன்று வாங்கிக் கொடுப்பது கூட்டு முயற்சியில்லை, அன்பளிப்பு. பாடசாலைத் தோட்டத்துக்குக் கன்றும் விதையும் ஒருநாளும் பஞ்சமாகிப் போனதில்லை. பஞ்சம் தண்ணிக்கும் வேலிக்கும், விடுமுறை நாளில் வந்து போகிற ஒரு ஆளுக்கும்தான்.

எனக்குச் சரியென்று படுவது இது. முருங்கை, அகத்தி, மரவள்ளி, பப்பாசி, வாழை எல்லாம் முதல் மழையோடு ஐப்பசியில் ஊன்றப்பட வேண்டும். வேர் பிடித்துவிட்டால் கச்சானை ஓரளவு தாங்கும். வாழைக்குப் பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணியைத் திருப்பிவிட்டால் போதும். கீரை, வெண்டி, பயற்றை எல்லாம் தை மாதம், முதலாம் தவணை தொடங்கின கையோடு. கீரை மூன்று நாலு கிழமையில் பிடுங்கலாம், வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கும், பயற்றை இரண்டு மாதத்துக்குள். சித்திரை விடுமுறைக்கு முதல் பிள்ளை விதைத்ததைப் பிள்ளையே தின்றுவிடும். ஜூனில் விழா வைக்கத்தான் வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் அன்றைக்கு வேலி அடையுங்கள். பொச்சு மட்டையைப் பாத்திக்குக் கீழே புதையுங்கள், மணலில் ஈரம் நிற்கும். கூரைத் தண்ணி பிடிக்கத் தாங்கி கட்டுங்கள். படத்துக்கு அழகாக இருக்காதுதான்.

வேலி என்றதும் சிரிக்காதீர்கள். வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: எங்கள் நகரத்தில் பாடசாலைத் தோட்டத்துக்கு முதல் எதிரி புள்ளிமான். கோட்டைப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற அதே மான்கள்தான் இரவில் ரோட்டில் இறங்கி, குரோட்டனைக்கூட விடாமல் கறித்துவிட்டுப் போகும். நகரத்துக்கு வெளியே கட்டாக்காலி மாடும் ஆடும். கந்தளாய்ப் பக்கம் யானை. அதற்குப் பாடசாலை வேலி கணக்கே இல்லை.

விடுமுறைத் தண்ணிக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை, அதனால் அவர்களுடைய தவணை நாட்கள் எங்களுடையதோடு ஒத்துப்போகாது. மூதூரிலும் தம்பலகாமத்திலும் நகரத்திலும் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. அவர்கள் நோன்பில் இருக்கும்போது எங்கள் பிள்ளைகள் போய் ஊற்றட்டும், எங்களுக்குப் பூட்டு விழுந்து அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் அவர்கள் வரட்டும். நல்லிணக்கம் என்று மேடை போட்டுப் பேசுவதைவிட இரண்டு வாளித் தண்ணி மலிவு. இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிற நாட்களுக்கு ஒரு ஆளைக் கூலிக்கு வைக்கலாம். பழைய மாணவர் சங்கங்களே, அதற்குத்தான் உங்கள் கனடாக் காசும் லண்டன் காசும் தேவை.

அடுத்தது சட்டி. தோட்டத்தில் விளைந்தது எங்கே போகிறது? கண்காட்சி மேசைக்குப் போகிறது. கல்வி வலயத்திலிருந்து வருகிற அதிகாரி கையில் ஒரு பூசணிக்காய். பிள்ளையின் வாய்க்கு வந்த பாடில்லை. இத்தனைக்கும் 2024 இலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடசாலையில் சாப்பாடு என்று அரசாங்கம் விரிவாக்கியிருக்கிறது. சமைத்துக் கொடுக்கிறது ஊர்ப் பெண்கள். பில் காசு பிந்தினாலும் கடனுக்கு மரக்கறி வாங்கிச் சமைக்கிற மனுசிகள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சொன்னா: "தம்பி, நான் சந்தையில வாங்கின கீரையைச் சுண்டினா பிள்ளையள் கோப்பைக் கரையில ஒதுக்கி வைக்குதுகள். தாங்கள் நட்ட பொன்னாங்காணியெண்டா சண்டை பிடிச்சுத் தின்னுதுகள்." போஷாக்குக் கருத்தரங்கில் இதைவிட உருப்படியான ஒரு வசனம் நான் கேட்டதில்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 200 பிள்ளைக்கு ஆளுக்கு 50 கிராம் கீரை என்றால் ஒரு நாளைக்கு 10 கிலோ. எந்தப் பாடசாலைத் தோட்டமும் தினமும் அதைத் தராது. ஆகவே தோட்டத்தால் சட்டி நிறையும் என்று யாரும் மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். தோட்டம் பிள்ளையின் நாக்கைப் பழக்கும். சட்டியை நிரப்ப ஊர் வேண்டும். தம்பலகாமத்து வயல், வீட்டு வளவுகளில் நிற்கிற முருங்கை, கரைவலையில் வருகிற நெத்தலி எல்லாம் அந்த அக்காமாரின் அடுப்புக்கு நேரே வந்துசேர வழி வேண்டும். பிரேசிலில் இதைச் சட்டமாகவே போட்டார்கள். பாடசாலை உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 வீதத்துக்குச் சிறு விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும் என்று 2009 இல் சட்டம் வந்தது. அங்கே சமூகப் பங்களிப்பு என்பது கைதட்டு இல்லை, கொள்முதல். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் அதிபரும் ஒரு பின்னேரம் இருந்து பேசினால், கிழமைக்கு இரண்டு நாளாவது ஊர்க் கீரையும் ஊர் மீனும் வந்துவிடும்.

கன்ரீனைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. என்ன விற்கலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது, கேற்றுக்கு வெளியே ஐஸ் பக்கற்றும் இருக்கிறது. குளிர்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் 2016 இல் வந்தது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. பிள்ளைகளுக்குச் சிவப்பென்றால் பிடித்த நிறம், அவ்வளவுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு கடைக்காரரை விரட்டுவதைவிட, அந்தக் கடைக்கார அண்ணையிடம் அவித்த கடலையும் கொய்யாவும் விற்கச் சொல்லி, முதல் மாதத்து நட்டத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கலாம். அவரும் ஊர் ஆள்தானே. ஒன்று மட்டும் ரீச்சர்மாருக்கு: கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்க விடாதீர்கள், கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும். கீரைக்குக் கொஞ்சம் தேசிப்புளி விட்டால் கூடச் சேரும்.

பொருளாதார நெருக்கடிக்குள், 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னது நினைவிருக்கும். தட்டுப்பாட்டுக்குப் பயந்து மாடியில்கூட மிளகாய் நட்டோம். கியூ முடிந்தது, சாடிகளும் காய்ந்தன. பயத்தில் தொடங்கினது பயத்தோடு போயிற்று. பாடசாலைத் தோட்டத்துக்கும் அது நடக்கக் கூடாதென்றால் அதிபர் மாறினாலும், ஆர்வமுள்ள விவசாய ரீச்சருக்கு இடமாற்றம் வந்தாலும் நிற்கக்கூடிய ஒழுங்கு வேண்டும். பொறுப்பு யாருடையது, எந்தக் கிழமை, திறப்பு யாரிடம் என்று அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கையில் பெயரோடு பதியப்பட வேண்டும். விவசாயப் போதனாசிரியர் தவணைக்கு இரண்டு தரம் வந்து பார்ப்பாரென்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கிற ஆள்தான் இல்லை.

எங்கள் வீட்டு வேலியில் முருங்கை நிற்கிறது. மழைக்கு முதல் எப்படியும் கொத்துவோம். எந்தப் பாடசாலைக்காவது தடி வேண்டுமென்றால் இன்பொக்ஸ் வாருங்கள், வேலி அடைத்த படத்தோடு.