மரக்கன்றுக்குப் பதில் காலிச் சாக்கு கொண்டு வாருங்கள்

ஜூன் 5 நெருங்கினால் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், சுற்றுச்சூழல் தினம், அம்பது கன்னு தர்றோம், பசங்களை மட்டும் நிக்க வைங்க." பேனர் வரும், கன்று ஒன்றுக்குப் பத்துக் கை பிடிக்கும், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். மனசு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஜூன் 5 கன்று நடுகிற நாளே இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறை, தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும். ராமநாதபுரத்துக்கும் நாகைக்கும் கடலூருக்கும் ஐப்பசிதான் கதி. நடுவில் உள்ள நாலு மாதமும் குடத்தில் தண்ணீர் சுமக்க ஆள் யார்? அதே கன்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும்.

ஜூனில் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் சருகையும் மிச்சச் சோற்றையும் கையில் எடுங்கள் என்பதுதான் என் கட்சி. வேம்பும் புங்கனும் தூங்குமூஞ்சியும் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் குவித்து, குழந்தைகள் மூச்சு விடும் இடத்திலேயே கொளுத்துகிறார்கள். சத்துணவு மிச்சம் மதில் ஓரம் போகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க விரிந்த பிறகு, உப்புமாவும் பொங்கலும் அந்த மிச்சத்தில் சேர்ந்துகொண்டன. எரிகிற சருகையும் நாறுகிற சோற்றையும் ஒன்றாகப் போட்டால் மூன்று மாதத்தில் உரம். இதற்கு இயந்திரம் தேவையில்லை. பொத்தானை அமுக்கினால் 24 மணி நேரத்தில் உரம் என்று விற்கிற பெட்டியை நன்கொடையாகக் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருந்து வருவது பெரும்பாலும் காய்ந்த சோற்றுத் தூள்தான். தண்ணீர் பட்டால் மறுபடி புளிக்கும். மின்கட்டணமும் பள்ளித் தலையில் விழும்.

சமையலர் அக்காவிடம் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள். மிச்சத்தை ஏற்கெனவே யாராவது மாட்டுக்கு எடுத்துப் போகிறார்களா என்று கேளுங்கள். அரிசி கழுவின தண்ணீரும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போகிறதென்றால் அந்த ஏற்பாட்டில் கை வைக்கவே வேண்டாம், அதைவிட நல்ல வழி கிடையாது. வெந்த சோறு மட்டும் வேறு விஷயம். ஆடோ மாடோ ஒரேயடியாக நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். அது உரம் ஆக்கும் கம்பிவலைக் கூண்டுக்கு வரட்டும்.

அடுத்து ஒரு வாரம் எடை போடுங்கள். எந்த நாளில் எது மிஞ்சுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். முதல் முறை கொஞ்சமாகப் பரிமாறி, கேட்கிற பிள்ளைக்கு இரண்டாம் முறை போட்டாலே வாளி பாதியாகிவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிறதுதான் நம் கணக்கு.

200 பிள்ளைகள், ஆளுக்கு 30 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு 6 கிலோ, கிட்டத்தட்ட 10 லிட்டர் வாளி ஒன்று. ஒரு பங்கு சோற்றுக்கு இரண்டரைப் பங்கு சருகு, அளவில்தான், எடையில் இல்லை. அப்படியானால் நாளுக்கு 25 லிட்டர் சருகு, வாரத்துக்கு ஒரு பெரிய அரிசிச் சாக்குக்குக் கொஞ்சம் மேல். பள்ளி நடக்கிற 40 வாரத்துக்கு 50 சாக்கு. பெரும்பாலான முயற்சிகள் இந்தச் சாக்கில்தான் தோற்கின்றன. மாசி, பங்குனியில் கொட்டுகிற சருகை எரித்துவிட்டு, கார்த்திகை மழையில் "நாறுது சார்" என்று மூடிவிடுகிறார்கள். அதனால்தான் காலிச் சாக்கு கேட்கிறேன். காய்ந்த சருகை அதில் மிதித்து அடைத்து, வாயைக் கட்டி, கூரைக்குக் கீழே செங்கல்மேல் அடுக்க வேண்டும். தரையில் சும்மா குவித்தால் பாம்பும் தேளும் குடியேறும். அந்தக் குவியலில் யாரும் வெறுங்கையை விடக்கூடாது.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி, புங்கன், புளி சீக்கிரம் மக்கும். தேக்கும் நாட்டு வாதுமையும் அகல இலை. முழுசாகப் போட்டால் அப்பளம் அடுக்கின மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள். யூகலிப்டஸையும் தென்னை ஓலையையும் தவிர்ப்பது நல்லது.

கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), 3 அடி அகலச் சுருள். 10 அடி நீளம் வெட்டி வளைத்துக் கட்டுக்கம்பியால் முடிந்தால், அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 3 அடி விட்டத்தில் வட்டக் கூண்டு கிடைக்கும். சுமார் 600 லிட்டர் கொள்ளும். இதைவிடச் சின்னதாகச் செய்தால் உள்ளே சூடு தங்காது, சூடில்லாமல் வெந்த சோறு மக்காது, புளிக்கத்தான் செய்யும். அடியிலும் மேலேயும் அதே மெஷ் போட்டால்தான் எலி வராது. இப்படி மூன்று கூண்டு வேண்டும். போடப் போட அமுங்குவதால் ஒன்று நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை மாதமாகும். மூன்றாவது நிரம்பும்போது முதல் கூண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்திருக்கும். கிணறு, ஆழ்துளைக் குழாய், அங்கன்வாடி, சமையல்கூடம் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். மேட்டில் வையுங்கள், மேலே ஒரு தகரம் போடுங்கள்.

அடியில் அரை அடிக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும். அதன்மேல் ஒரு அடி சருகு, ஒரு வாளி சாணிப்பால். தினமும் மிச்சத்தை ஓட்டை போட்ட வாளியில் அரை மணி நேரம் வடியவிடுங்கள். சாம்பார்த் தண்ணீரும் அதன் உப்பும் உரத்துக்கு ஆகாது. வடிந்ததை நடுவில் குழி பறித்துக் கொட்டி, கட்டி சேர்ந்த சோற்றை உதிர்த்து, சருகோடு கிளறி, மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகால் மூடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். வாரம் ஒரு தடவை முள்வாரியால் முழுசாகப் புரட்ட வேண்டும்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு, பொடிந்தால் தண்ணீர். அழுகின முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, புரட்டிச் சருகு சேருங்கள். மூத்திர நெடி அடித்தால் சோறு அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. எறும்பு ஏறினால் காய்ந்து கிடக்கிறது. சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பயந்து பினாயில் ஊற்றிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், சோற்றைத் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்பவை. சூடு பார்க்க, இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். பிடிக்க முடியாத அளவு சுட்டால் கூண்டு வேலை செய்கிறது.

கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. புரட்டுவதும் கொட்டுவதும் பெரியவர்களின் வேலை. எச்சில் வாளியைப் பிள்ளைகள் தூக்கக்கூடாது. அதைத் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது. எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பம் போய்ச் சேரும் என்பதை இந்த ஊரில் சாதியும் பாலினமும் பார்த்துத் தீர்மானித்த வரலாறு நமக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் எடை எழுதட்டும், சூட்டை அளக்கட்டும், பச்சைப்பயறு போட்டு உரத்தைச் சோதிக்கட்டும். பாதி மண், பாதி உரம் கலந்த தொட்டியில் பயறு நன்றாக முளைக்காவிட்டால் உரம் இன்னும் பழுக்கவில்லை. சமையலர் தலையிலும் இந்த வேலையைக் கட்டாதீர்கள், அவர்கள் சம்பளத்துக்கு இருக்கிற வேலையே அதிகம்.

சலித்த உரம் கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். கீரைப் பாத்திக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து போடலாம். மிச்சத்தைப் புரட்டாசிக் குழிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கணக்கு: இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் பன்னிரண்டு பேர் போதும். நாளுக்கு இருவர், இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின். வாரநாள் ஐந்துக்குப் பத்துப் பேர், வராதவருக்கு மாற்றாக இருவர். முன்னாள் மாணவர்கள், மகளிர் குழு, பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் என்று கலந்து இருந்தால் ஒரு தரப்புக்குக் கல்யாணம், தேர்வு என்றால் இன்னொரு தரப்பு தாங்கும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, தலைமையாசிரியரிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்து, வரும்போதெல்லாம் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளோடு தனியாக யாரும் இருக்க வேண்டாம், அவர்கள் முகம் தெரிகிற படம் முகநூலுக்கு வேண்டாம்.

கோடை விடுமுறையில் புதிதாகச் சோறு வராது. கூண்டை ஈரச் சாக்கால் மூடி வாரம் இரண்டு குடம் ஊற்றினால் போதும், நட்ட கன்றுக்கு வாரம் இரண்டு தடவை. பள்ளி வாசல்கதவுச் சாவி யாரிடம் இருக்கும், மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஏப்ரல் கடைசி வேலை நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.