சம்பளம் எவ்வளவு என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கு

நேற்று ராத்திரி நம்ம தம்பி, தன் புது யமஹா ஆர்15 ஸ்போர்ட்ஸ் பைக் பக்கத்தில் அம்மாவோடு நிற்கிற படம் போட்டதையும், கடன் வாங்கி இந்த வண்டி தேவையா என்று அதன் கீழே கமெண்டில் நடந்த கூத்தையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை. காலையில் பார்த்தால் பையன் படத்தையே எடுத்துவிட்டான். இப்போது சந்தோஷமா?

"சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று ஆரம்பித்து வைத்தவர் நமக்கெல்லாம் வேண்டியவர்தான். அடுத்தவர் "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்றார். இன்னொருவர், டியூ கட்டாமல் வண்டியை சீஸ் பண்ண ஆள் வரப்போகும் நாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னார். எல்லாம் அக்கறையாம். சரி, அக்கறை என்றே வைத்துக்கொள்வோம். கணக்குச் சொல்ல வந்த அத்தனை பேரில் ஒருவர்கூடக் கணக்குச் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் சொல்கிறேன். ஷோரூம் விலை 1,70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 12 சதவீதம். 20,400 ரூபாய் அங்கேயே போச்சு. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கானது) ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். 2022-இல் வைத்த விகிதப்படி 150 சிசி வரை 3,851 ரூபாய். ஆர்15 எத்தனை சிசி? 155. அந்த ஐந்து சிசிக்காக 7,365. அதன்மேல் வரி தனி. சொந்தச் சேதக் காப்பீடு, பதிவு, ஒரு நல்ல ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற காசு. தெரியாதது வட்டியில் இருக்கிறது. "ஒரு ரூபாய் வட்டிதான் சார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்றரை லட்சம் கடன், மூன்று வருடம், 12 சதவீதம் ஃப்ளாட், அதாவது கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி என்றால் வட்டி மட்டும் 54,000. மாதம் 5,667. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் போட்டுப் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கும் மேல் வரும். கடைசி மாதம் பாக்கி இருப்பது சில ஆயிரம்தான், வட்டியோ இன்னமும் ஒன்றரை லட்சத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். "தம்பி, வட்டி ஃப்ளாட்டா, குறையும் அசலா?" என்று யாராவது அந்தப் பையனிடம் கேட்டீர்களா? இல்லை. சம்பளம்தான் கேட்டீர்கள்.

அப்புறம் ஃபேரிங், அதாவது வண்டியைச் சுற்றி மூடியிருக்கிற பிளாஸ்டிக் உறை. இதில் என் சொந்தக் கதை ஒன்று. நான் ஓட்டுவது செகண்ட்ஸில் வாங்கிய கேடிஎம் ஆர்சி 200, அதுவும் ஸ்போர்ட்ஸ் பைக்தான். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், டூல் ரூமில், ஆகவே யாரும் என்னைப் பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். மழை விட்ட ஒரு சாயங்காலம், கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற வேகத்தில் திரும்பும்போது மணலில் முன் சக்கரம் வழுக்கி வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டிக்குத்தான் இரண்டு கிளிப் தெறித்து, பக்கவாட்டு ஃபேரிங்கில் மேலிருந்து கீழ்வரை விரிசல். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்குங்க, பாதிதான் வரும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருகிற கூடுதல் காப்பீடு) போடாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயருக்கெல்லாம் 50 சதவீதம் கழிவு. ஸ்போர்ட்ஸ் பைக்கில் வெளியே தெரிவதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான். ஸ்ப்ளெண்டர் சாய்ந்தால் லெக் கார்டை நிமிர்த்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நான் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பழைய பேனல் தேடி, பெயிண்ட் அடித்து மாட்டினேன். இன்றைக்கும் வெயிலில் நிறுத்தினால் கருப்பு இரண்டு விதமாகத் தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாங்கு என்று சொல்வதற்குப் பெயர்தான் அக்கறை.

"ஆபீஸ் போக ஸ்ப்ளெண்டர் போதாதா?" போதும். யார் இல்லை என்றது? போதும் என்கிற அளவுகோலை உங்கள் வீட்டு டிவிக்கும் காருக்கும் வைத்தீர்களா? அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் இருபது வருடத்தில் எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா என்று ஒருவர் படம் வரைந்து காட்டியிருந்தார். ரொம்ப நன்றி. இருபது வருடம் கழித்துக் காசு இருக்கும், குனிந்து ஸ்போர்ட்ஸ் பைக்கின் தாழ்ந்த க்ளிப்-ஆன் ஹேண்டிலைப் பிடிக்க இடுப்பு இருக்காது.

உயிர் போகிறதே என்று கேட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். சாலை விபத்தில் இறப்பவர்களில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள்தான் அதிகம். மறுக்கவில்லை. அத்தனை பேரும் ஆர்15-இலா போனார்கள்? 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டி வழுக்காமல் காப்பது) கட்டாயம் என்றபோது, சின்ன வண்டிக்கு சிபிஎஸ் (முன் பின் பிரேக் சேர்ந்து பிடிப்பது) போதும் என்று விட்டார்கள். மலிவான வண்டியில் போகிறவனுக்கு மலிவான பிரேக். அதற்கு ஒரு பதிவுகூட இங்கே வந்து நான் பார்த்ததில்லை. வீலிங் அடித்து வீடியோ போடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவன் பேச்சை இதில் கொண்டுவராதீர்கள். அவன் வேறு, இவன் வேறு.

எங்கள் அப்பா செங்குன்றத்தில் இருந்த காலத்தில், சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைச் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகு அங்கே போக அவருக்கு வாய்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க டிவிஎஸ் 50. நான் ஆர்சியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று ஒன்றும் பேசாமல் சுற்றி வந்தார், செயினைத் தொட்டுப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். "கால் எட்டலைடா" என்று சொல்லி இறங்கிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அதே வாரம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என் மனைவி வழிப் பெரிய மாமா, நாலு பேர் கேட்கிற மாதிரி, "மாப்ளே, பெட்ரோல் போடக் காசு மிச்சம் இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? உள்ளே ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. மாமா மகள் கல்யாணம்தான். ஒரே ராத்திரிக்கு எவ்வளவு கடன் வாங்கினீர்கள் மாமா என்று நான் கேட்டிருந்தால் குடும்பமே இரண்டாகியிருக்கும். ஆனால் பைக் வாங்கினவனிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நம்ம தம்பி ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு பிரேக் காலிப்பருக்கு போல்ட் முறுக்குகிறான். காலிப்பர் செய்யலாம், அது மாட்டிய வண்டியில் உட்காரக் கூடாது, அப்படித்தானே?

என்னைக் கேட்டிருந்தால் புதுசு வேண்டாம், மூன்று வருடம் ஓடிய வண்டியைப் பார் என்றுதான் சொல்லியிருப்பேன். 390 சிசி என்றால் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன், ஏனென்றால் 350-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 40 சதவீதம், டயரும் பெட்ரோலும் அதற்குத் தக்கபடிதான். இவன் எடுத்தது லிட்டருக்கு நாற்பதுக்கு மேல் கொடுக்கிற வண்டி. வாடகை, வீட்டுச் செலவு போக டியூ கட்ட முடிகிறது என்றால் அது அவன் பாடு. என் அபிப்பிராயத்தைத் தனியாகச் சொல்வேன், அம்மாவோடு நிற்கிற படத்துக்குக் கீழே சொல்ல மாட்டேன்.

தம்பி, இதைப் படித்தாயானால்: கடன் காகிதத்தை எடுத்து, முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு கழிப்பார்கள், அபராதம் எவ்வளவு என்று பார். பாலிசியில் ஜீரோ டெப் இருக்கிறதா பார், இல்லையென்றால் புதுப்பிக்கும்போது சேர்க்க முடியுமா என்று கேள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வீட்டுக்கு வா, செயினுக்கு லூப் (மசகு) ஸ்ப்ரே அடிக்கிற விதத்தைக் காட்டுகிறேன். டெலிவரி அன்று கேக் வெட்டுகிற அவசரத்தில் அதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.