யோசனையைக் கைவிட்டவர்களுக்கு முழு மதிப்பெண்

போன மாதம் மாணவர்களுக்கான தொழில் யோசனைப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். 14 குழுக்கள், குழுவுக்கு ஐந்து நிமிடம். முதல் பரிசு வாங்கிய குழு, முதியவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தது. பளிச்சென்ற ஸ்லைடுகள், பல முறை ஒத்திகை பார்த்த பேச்சு. முடிக்கும் முன்பே அரங்கம் கைதட்டத் தொடங்கிவிட்டது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எத்தனை முதியவர்களிடம் பேசினீர்கள்?"

"என் பாட்டிகிட்ட காட்டினேன் மேடம். ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

பாட்டி வேறென்ன சொல்வார்!

ஆனால் இந்தப் பதிவு பதினோராவது இடம் பிடித்த குழுவைப் பற்றியது. பாடப்புத்தகங்களை வாடகைக்கு விடும் செயலி என்பது அவர்களுடைய யோசனை. மேடை ஏறியதும் அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம், "நாங்க நெனச்ச யோசனை சரிவராதுன்னு தெரிஞ்சுகிட்டோம்." 23 மாணவர்களிடம் பேசியிருக்கிறார்கள். புத்தகத்துக்காக யாரும் தவிக்கவில்லை, சீனியர்களிடமிருந்து சும்மாவே கிடைத்துவிடுகிறது. ஆனால் அவர்களில் ஒன்பது பேர், கேட்காமலேயே, ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தைவிட, அதன் ஓரத்தில் சீனியர் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கும் குறிப்புகள்தான் பரீட்சைக்கு உதவுகின்றனவாம். புதுசு வாங்க வசதி இருந்தும் பழையதைத் தேடி அலைகிறவர்கள்கூட உண்டாம். "இதை வெச்சு என்ன செய்யலாம்னு இன்னும் தெரியல" என்று சொல்லி இறங்கிவிட்டார். ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. யாரும் கைதட்டவில்லை.

எங்கள் மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள்: புதுமை, சந்தையின் அளவு, ஸ்லைடு, பேச்சு, தன்னம்பிக்கை. 'என்ன தெரிந்துகொண்டீர்கள்' என்பதற்குக் கட்டமே இல்லை. நானும் அதே தாளைத்தான் நிரப்பினேன், கையெழுத்தும் போட்டேன். வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு யோசனையை எடைபோடவும் அதை எடுத்துச் சொல்லவும் கற்றுத்தருவதாகச் சொல்கிறோம். நடப்பில் இரண்டாவதை மட்டும்தான் செய்கிறோம். பேச்சு என்றால் ஒரு மதிய நேரத்தில் மேடையில் பார்த்து முடித்துவிடலாம். எடைபோடுவது வெளியே போய், முன்பின் தெரியாதவர்களிடம் கூச்சத்தோடு பேசிச் செய்கிற வேலை. அதைப் படம் எடுத்தால் நன்றாகவும் வராது.

ஒரு பொருள் நன்றாக வேலை செய்வது வேறு, விலைபோவது வேறு. தாமஸ் எடிசன் 1869இல் வாங்கிய முதல் காப்புரிமை, சட்டமன்றத்துக்கான மின்சார வாக்குப்பதிவுக் கருவிக்கு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டிருந்த வேலையைச் சட்டென்று முடித்துவிடும். கருவியில் குறை இல்லை, ஆனால் வாங்க ஆள் இல்லை. அந்தத் தாமதம்தான் உறுப்பினர்களுக்குத் தேவையாக இருந்தது, பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் பிடிக்கலாம், பேரம் பேசலாம். எடிசனுக்கு அப்போது 22 வயது, கிட்டத்தட்ட என் மாணவர்களின் வயது. வெளியே நிற்பவருக்குக் குறையாகத் தெரிவது உள்ளே இருப்பவருக்கு வசதியாக இருக்கலாம். போய்க் கேட்காமல் அது தெரிய வழியில்லை.

கேட்பதிலும் கோளாறு வரும். "இப்படி ஒரு செயலி வந்தால் வாங்குவீர்களா?" என்றால் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், மரியாதை. எதிரில் ஒரு பிள்ளை ஆசையோடு நிற்கும்போது முகத்தில் அடித்தாற்போல் யார் பேசுவார்கள்? அதனால் என் வகுப்பில் 'வாங்குவீர்களா', 'பிடித்திருக்கிறதா' இரண்டுக்கும் தடை. நடந்து முடிந்ததை மட்டும் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது மாத்திரை தவறியது? அன்றைக்கு என்ன ஆயிற்று? அப்புறம் தவறாமல் இருக்க ஏதாவது செய்து பார்த்தீர்களா? அதற்குக் கைக்காசு செலவு செய்தீர்களா? ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை, நமக்குத்தான் அது பிரச்சினையாக வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டிக் குழு இப்படிக் கேட்டிருந்தால், மறந்துபோகிறவர்களோடு, வயிற்றைப் புரட்டுகிறது என்று வேண்டுமென்றே மாத்திரையைத் தவிர்க்கிறவர்களும் கண்ணில் பட்டிருப்பார்கள். அவர்களிடம் பெட்டி எத்தனை முறை மணி அடித்தால் என்ன?

எத்தனை பேரிடம் பேசுவது? அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் ஐ-கோர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புதான் அதற்கு மூலம். ஆய்வகக் கண்டுபிடிப்போடு வரும் குழு ஏழு வாரத்தில் 100 பேரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும். முடிவில் 'இதைத் தொடர வேண்டாம்' என்று வந்து நின்றாலும் அதுவும் அங்கே ஒரு விடைதான். நான் மாணவர்களிடம் 100 கேட்பதில்லை, 20 போதும். பதினைந்து பேரைத் தாண்டுவதற்குள் அதே கதைகள் திரும்ப வர ஆரம்பிக்கும். வராவிட்டால், வேறு வேறு தேவை உள்ளவர்களை ஒன்றாகக் கலந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

பேசி முடித்ததும் சின்னதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். காலில் போட்டுப் பார்க்காத ஷூவை இணையத்தில் யாராவது வாங்குவார்களா என்ற சந்தேகம் 1999இல் நிக் ஸ்வின்மர்னுக்கு வந்தது. கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபத்துக்கு வழியில்லை, ஆனால் கிடங்கும் சரக்கும் இல்லாமலே சந்தேகம் தீர்ந்தது. அதுதான் பிறகு ஸாப்போஸ் ஆனது, 2009இல் அமேசான் அதை வாங்கியது. எது பொய்யானால் மொத்தமும் சரிந்துவிடுமோ அதை முதலில் சோதித்துப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் லோகோவின் நிறத்தில் தொடங்குவார்கள். (லோகோவுக்காக இரண்டு வாரம் சண்டை போட்டுப் பிரிந்த குழுவைப் பார்த்திருக்கிறேன்.)

அப்புறம் அந்த ஒரு சதவீதக் கணக்கு. 'சந்தை இத்தனை கோடி, அதில் வெறும் ஒரு சதவீதம் கிடைத்தால்கூட...' இந்த ஸ்லைடு இல்லாத பிட்ச்சை, அதாவது யோசனையை மேடையில் எடுத்துச் சொல்லும் பேச்சை, நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு சதவீதம் எந்த வழியாக உங்களிடம் வந்து சேரும் என்று கேட்டால் மௌனம். கீழிருந்து கணக்குப் போடச் சொல்வேன். வாரத்துக்கு எத்தனை பேரை உங்களால் சந்திக்க முடியும்? 40. வாங்குகிறவர்கள்? 4 என்று வைப்போம். செலவு போக ஒரு பெட்டிக்கு 50 நிற்கிறது, ஆக 200. அந்த 40 பேரைத் தேடிப் போக 300 செலவானால்? விற்க விற்க நஷ்டம். இதைப் போட்டுப் பார்த்ததும் விலையை ஏற்றலாமா, வீடு வீடாகப் போகாமல் மருத்துவமனைக்கு மொத்தமாக விற்கலாமா என்று அவர்களே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கே என் சக ஆசிரியர் ஒருவர் வழக்கமாகக் குறுக்கிடுவார். "எடைபோட்டு எடைபோட்டே எல்லாத்தையும் கொன்னுடுவீங்க." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செஸ்டர் கார்ல்சன் 1938இல் செய்துகாட்டிய நகலெடுக்கும் முறையைப் பெரிய நிறுவனங்கள் வரிசையாக வேண்டாம் என்றன. பின்னால் அதே முறையில் உருவான ஜெராக்ஸ் 914 இயந்திரத்தை ஆராய்ந்த ஆலோசனை நிறுவனம்கூட, இவ்வளவு விலைக்கு இதற்குச் சந்தை இல்லை என்றது. 1959இல் அது வெளிவந்தபோது, அதைத் தயாரித்த நிறுவனம் மாதம் 95 டாலர் வாடகைக்கும் கொடுத்தது, 2,000 பிரதிகள்வரை தனிக் கட்டணம் கிடையாது. இன்றைக்கு நகல் எடுப்பதையே நாம் ஜெராக்ஸ் எடுப்பது என்கிறோம். ஆனால் அதிகமாக எடைபோட்டதால் வந்த தவறாக இது எனக்குத் தெரியவில்லை. இயந்திரத்தின் விலையைப் பார்த்தார்கள், காசு எப்படி வாங்கலாம் என்பதைப் பார்க்காமல் விட்டார்கள். பாதி எடைபோட்டதில் வந்த வினை.

இவ்வளவும் செய்தவர்களுக்கு பிட்ச் சொல்லித்தர அதிக நேரம் ஆகாது. யாருக்கு என்ன சிக்கல், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், எதைச் சோதித்தோம், எது பொய்த்தது, அடுத்த சோதனைக்கு என்ன வேண்டும். அவ்வளவுதான். 'புரட்சிகரமான' என்ற சொல் தானாகக் கழன்றுவிடும். 'எங்களுக்குப் போட்டியாளர்களே இல்லை' என்பதும் கழன்றுவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சுவரில் மாட்டிய நாள்காட்டியில் பேனாவால் போடும் டிக், மாத்திரைப் பெட்டிக்குப் போட்டி இல்லையா?

ஸ்டான்ஃபோர்டில் டினா சீலிக் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. குழுவுக்கு ஐந்து டாலர், சம்பாதிக்க இரண்டு மணி நேரம், பிறகு அதை வகுப்பில் சொல்ல மூன்று நிமிடம். அதிகம் சம்பாதித்த குழு ஐந்து டாலரைத் தொடவில்லை. அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய நிறுவனம் ஒன்றுக்குத் தங்கள் மூன்று நிமிடத்தை 650 டாலருக்கு விற்றுவிட்டது. மற்ற குழுக்கள் அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசலாம் என்று யோசித்தன. இவர்கள் மட்டும் அதன் விலை என்ன என்று யோசித்திருக்கிறார்கள்.

இந்தப் பருவத்திலிருந்து என் மதிப்பெண் தாளை மாற்றிவிட்டேன். பேச்சுக்கு 20தான். குறிப்பேட்டுக்கு 50: யாரிடம், எப்போது பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், அவருடைய வார்த்தைகளிலேயே. மீதி 30 கணக்குக்கு. யோசனையைக் கைவிட்டோம், காரணம் இதுதான் என்று ஆதாரத்தோடு வந்தாலும் 100 வாங்கலாம். ஒன்றும் செய்யாமல் 'கைவிட்டுட்டோம் மேடம்' என்று வந்து நிற்பவர்களும் உண்டு. குறிப்பேட்டைப் புரட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதினோராவது இடக் குழுவிலிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. இப்போது 41 பேரிடம் பேசியிருக்கிறார்கள். பென்சில் குறிப்பு எழுதிய சீனியர்களையும் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் யாருமே அதை இன்னொருவருக்காக எழுதவில்லையாம், தாங்கள் தூங்காமல் இருப்பதற்காக எழுதினார்களாம். காசு கொடுத்து எழுதச் சொன்னால் அதே மாதிரி வருமா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், எனக்கும் தெரியவில்லை. நான்கு சீனியர்களிடம் எழுதி வாங்கிப் பாருங்கள் என்று மட்டும் அனுப்பியிருக்கிறேன்.